ஒட்டுக் கட்ட முடியாத கன்று: கிரேஹவுண்ட் வம்சாவளியைப் படித்து இணை சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட்டில் நாய் ஓட்டப்பந்தயத் திடல் கிடையாது. மலேசியாவிலேயே கிடையாது. குதிரை ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் ஈப்போவுக்குப் போகலாம், பக்கம்தான். ஆனால் என் வீட்டு மேசையில் கிரேஹவுண்ட் என்ற பந்தய நாயின் வம்சாவளித் தாள்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. எல்லாம் அக்காள் மகனால் வந்த வினை. மெல்பர்ன் பக்கம் வேலைக்குப் போனவன், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு பெட்டையில் பங்கு வாங்கினான். அது ஓடி ஓய்ந்ததும் குட்டி எடுக்கும் ஆசை வந்துவிட்டது. "மாமா, நர்சரியில அத்தனை வருஷம் கன்னு வளர்த்தீங்களே, இதையும் கொஞ்சம் பாருங்க" என்று தாள்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

நாற்றங்காலுக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்டார்கள். சம்பந்தம் உண்டு. செம்பனை விதை மூட்டை வரும்போதே தாய் எது, தகப்பன் எது என்ற எண்ணோடுதான் வரும். டூரா என்ற தாய் வகையையும் பிசிபெரா என்ற தகப்பன் வகையையும் சேர்த்தால் தெனெரா. கித்தாவிலும் (ரப்பர்) அப்படித்தான்: ஒரு காலத்தில் தோட்டம் தோட்டமாக நின்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600, ஜிர் 1 என்ற மரத்துக்கும் பி.பி. 86 என்ற மரத்துக்கும் பிறந்தது. ஆனால் கித்தாவில் ஒரு வசதி இருக்கிறது. நல்ல மரம் ஒன்று அமைந்துவிட்டால் அதன் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டலாம். ஆயிரம் ஏக்கரிலும் அதே மரம் நிற்கும். நாய்க்கு ஒட்டுக் கட்ட முடியாது. ஒவ்வொரு குட்டியும் விதைக்கன்றுதான். ஒரே ஈத்தில் பிறந்த ஏழும் ஏழு விதம்.

இதை மறந்துதான் முதல் தடவை ஏமாந்தோம். தாளில் மூன்று பெரிய சாம்பியன்களின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது, அதைப் பார்த்தே கடுவனைத் தேர்ந்தெடுத்தோம். ஏழு குட்டியில் ஒழுங்காகப் பந்தயம் ஓடியவை இரண்டு. ஒன்று, நாய்கள் துரத்துவதற்காக முன்னால் ஓடவிடும் பொம்மை முயலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகுதான் தாளைக் கீழே வைத்துவிட்டு, அதை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொண்டேன்.

1. கடுவனைத் தேடும் முன் பெட்டையை எழுதுங்கள்

எல்லாரும் முதலில் கேட்பது "எந்தக் கடுவன்?" என்றுதான். கடுவன் நூறு கிடைக்கும். உங்களிடம் இருப்பது ஒரு பெட்டை. அதன் பதிவுப்பெயர், பிறந்த தேதி, காதில் பச்சை குத்திய எண் அல்லது மைக்ரோசிப் எண், தாய் தகப்பன் பெயர் இவற்றைப் பதிவுத்தாளில் இருந்து நேராக எடுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். அயர்லாந்தில் ஐரிஷ் கோர்சிங் கிளப்பும் ஆஸ்திரேலியாவில் கிரேஹவுண்ட்ஸ் ஆஸ்திரலேசியாவும் வம்சப் பதிவேடு வைத்திருக்கின்றன. கிரேஹவுண்ட் டேட்டா என்ற இணையத் தரவுத்தளத்தில் பல தலைமுறைகளை இலவசமாகப் பார்க்கலாம். இரண்டையும் ஒத்துப் பாருங்கள்.

பெயரில் ஒரு மயக்கம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வீலர் குடும்பத்து நாய்கள் 'பேல்' என்றும் 'ஆலன்' என்றும் முடியும். இங்கிலாந்தில் நிக் சாவா வளர்த்தவை 'வெஸ்ட்மீட்' என்று தொடங்கும். அது கொட்டகையின் பெயர், இரத்தத்தின் பெயர் இல்லை. ஒரே தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அண்ணன் தம்பியாகிவிடுவார்களா? அதே மாதிரிதான்.

நிறத்தை வைத்தும் தாளைச் சோதிக்கலாம். கிரேஹவுண்டில் கருப்பு ஓங்கும் நிறம். தாயும் தகப்பனும் செவலையாக இருந்து குட்டி கருப்பு என்று எழுதியிருந்தால் தாளில் எங்கோ பிசகு. சாம்பல் நிறத்தவை இரண்டு சேர்ந்தாலும் கருப்புக் குட்டி வராது. சந்தேகம் வந்தால் டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது.

பிறகு பெட்டையின் குறைகளை எழுதுங்கள். அக்காள் மகனின் பெட்டை, பந்தயம் தொடங்கும் கூண்டைவிட்டு வெளியே வருவதில் மந்தம். முதல் வளைவில் எப்போதும் நாலாவது, ஐந்தாவது. கடைசி நூறு மீட்டரில் ஆளை மிரட்டும். எடை 27 கிலோ. எலும்பில் ஒரு நாளும் அடிபட்டதில்லை. இந்த நாலு வரி இல்லாமல் கடுவன் பட்டியலைத் திறப்பது, சாமான் பட்டியல் இல்லாமல் பசாருக்குப் போவது.

2. ஐந்து தலைமுறைத் தாள்

ஒரு பெரிய தாளைக் குறுக்காக வையுங்கள். பெற்றோர் 2, அதற்கு முன் 4, 8, 16, 32. மொத்தம் 62 கட்டம். தாளில் தகப்பன் பக்கம் மேலே, தாய் பக்கம் கீழே வருவது வழக்கம். சராசரியாக ஒரு குட்டிக்குப் பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் பாதி வருகிறது. தாத்தா பாட்டியிடமிருந்து கால் பங்கு. நாலாம் தலைமுறையில் ஒரு பெயருக்கு 6.25 விழுக்காடு, ஐந்தாம் தலைமுறையில் 3.125 விழுக்காடு. ஐந்தாவது வரிசையில் ஒரே ஒரு தடவை வரும் சாம்பியனுக்காகக் காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

பென்சிலால் எழுதுங்கள், அழிக்க வேண்டி வரும். முதல் மூன்று தலைமுறைக்கு வெறும் பெயர் போதாது. எத்தனை ஓட்டம், எத்தனை வெற்றி, எந்தத் தூரத்தில், என்ன எடை, எந்த வயதில் ஓட்டத்தை நிறுத்தியது, ஏன் நிறுத்தியது என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுத வேண்டும். 'ஏன்' என்பதுதான் கிடைப்பதற்குக் கஷ்டமான தகவல், அதற்குத்தான் மதிப்பும் அதிகம்.

நேரத்தை எழுதும்போது கவனம். மெல்பர்னில் சாண்டவுன் திடலில் 515 மீட்டர், மெடோஸ் திடலில் 525. சிட்னி வெண்ட்வர்த் பார்க்கில் 520. வினாடிகளை அப்படியே ஒப்பிட்டால் தப்பாகும். அதே இரவில் அதே தூரத்தில் ஓடிய வேகமான நாயைவிட நம் நாய் எத்தனை நாய் நீளம் பின்னே இருந்தது என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு நாய் நீளத்துக்கு ஏறக்குறைய 0.07 வினாடி என்று கணக்கு. முதல் பகுதி நேரத்தைத் தனியாக ஒரு பத்தியில் எழுதுங்கள். கூண்டிலிருந்து பாயும் வேகம் அதில்தான் தெரியும்.

3. மேலே பார்ப்பதை நிறுத்திப் பக்கத்தில் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வம்சாவளித் தாள் மேலே மேலே போகும். அதில் உடன்பிறந்தவை இருக்காது. ஆனால் ஒரு நாயின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி அதன் உடன்பிறந்தவைதான். நன்றாக ஓடிய ஒரு பெட்டைக்கு ஏழு உடன்பிறப்பு, அதில் ஆறு ஓடவே இல்லை என்றால், அந்தப் பெட்டைக்குச் சீட்டு நன்றாக விழுந்திருக்கிறது. அடுத்த தலைமுறைக்குப் போகும்போது சீட்டை மறுபடி கலைத்துத்தான் போடுவார்கள். அதுவே சாம்பியன் என்று யாரும் இல்லாமல், எட்டில் ஆறு பந்தயம் ஓடி ஐந்து வென்ற ஈத்து என்றால், சீட்டுக்கட்டே நல்ல கட்டு.

செய்முறை இதுதான். பெட்டை, அதன் தாய், தாயின் தாய், கடுவன், அதன் தாய் என ஐந்து நாய்களுக்கு ஆளுக்கொரு தாள். ஒவ்வொன்றின் ஈத்திலும் எத்தனை பிறந்தன, எத்தனை பதிவாயின, எத்தனை குறைந்தது ஒரு பந்தயம் ஓடின, எத்தனை வென்றன, எத்தனை இருபது ஓட்டத்தைத் தாண்டின என்று எழுதுங்கள். கடைசி எண்ணை மறக்க வேண்டாம். இருபது ஓட்டம் தாங்கியது என்றால் கால் தாங்கியது, மனசும் தாங்கியது என்று அர்த்தம். தாளில் ஒரு சாம்பியன் பெயர் போடுவதைவிட இந்த எண் எனக்குப் பெரியது.

அப்புறம் வேறு கடுவனோடு அதே தாய் ஈன்ற ஈத்துகளையும் பாருங்கள். மெகா டிலைட் என்ற பெட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மகன் வெஸ்ட்மீட் ஹாக் 2005, 2006 இரண்டு ஆண்டும் இங்கிலாந்தின் பெரிய கிரேஹவுண்ட் பந்தயமான இங்கிலீஷ் டெர்பியை வென்றது. 2007-இல் வென்ற வெஸ்ட்மீட் லார்ட் அதே தாய்க்கு வேறு கடுவனிடம் பிறந்தது. கடுவன் மாறியும் குட்டி ஓடுகிறது என்றால் ஓட்டம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பொதுத் தரவில் ஓடாத குட்டிகளைத் தேடுவது சிரமம். பெயர் வைக்கும் முன்பே விட்டுவிட்டிருப்பார்கள். அதனால் 'பதிவான குட்டிகளில் 80 விழுக்காடு வெற்றி' என்ற விளம்பரத்தைப் பார்த்தால், பிறந்தவற்றில் எத்தனை என்று தொலைபேசியில் கேளுங்கள். வளர்ப்பவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் தாளில் எழுதுங்கள்.

4. தாய்வழிக் கோடு

தாளின் அடிக்கோடு தாய், தாயின் தாய், அவளின் தாய் என்று போகும். மைட்டோகாண்டிரியா அந்த வழியாக மட்டுமே வருகிறது. ஆண் குட்டிக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்துதான், தகப்பனின் எக்ஸ் மகனுக்குப் போகாது. பால், குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பக்குவம், முதல் எட்டு வாரம் எல்லாம் தாயின் கையில். அடிக்கோட்டில் மூன்று தலைமுறையாக ஓடக்கூடிய குட்டி போட்ட பெட்டைகள் இருந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். தானே பெரிதாக ஓடாத பாட்டி நல்ல குட்டிகளை ஈன்றிருந்தால் அவளைக் கழிக்காதீர்கள்.

5. கடுவனின் புள்ளிவிவரம் சொல்லும் பாதிப் பொய்

பெர்னாண்டோ பேல் குரூப் 1 என்ற உயர்தரப் பந்தயங்கள் எட்டை வென்ற ஆஸ்திரேலியக் கடுவன். தாய் குளோயி ஆலன். குட்டிக்கு விட்ட பிறகு அந்த நாட்டுக் கடுவன் பட்டியலில் உச்சத்துக்குப் போனது. அதற்கு முன் டாப் ஹோன்சோ என்ற ஆஸ்திரேலியக் கடுவன் அயர்லாந்துக்குப் போய் அங்கே வம்சத்தையே மாற்றியது. இவை உண்மையிலேயே பெரிய கடுவன்கள்தான், சந்தேகம் இல்லை. ஆனால் பெயர் எடுத்த கடுவனிடம் எல்லாரும் தங்களுடைய நல்ல பெட்டையைத்தான் கொண்டுபோகிறார்கள். நல்ல பெட்டை, நல்ல வளர்ப்பாளர், நல்ல பயிற்சியாளர் மூன்றும் சேர்ந்து வரும்போது வெற்றி விழுக்காடு ஏறத்தான் செய்யும். சாதாரணக் கடுவனிடம் யார் நல்ல பெட்டையை விடுகிறார்கள்?

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அந்தக் கடுவனிடமும் வேறு கடுவனிடமும் குட்டி ஈன்ற பெட்டைகளை மட்டும் பொறுக்குங்கள். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: ஒரு பெட்டை பெரிய கடுவனிடம் எட்டு ஈன்று ஐந்து வென்றது, யாரும் கேள்விப்படாத கடுவனிடம் ஏழு ஈன்று ஐந்து வென்றது. அங்கே பெரிய கடுவன் கூடுதலாக எதுவும் தரவில்லை. இப்படிப் பத்துப் பதினைந்து பெட்டைகளைப் பார்த்தால் ஒரு நிறம் தெரிய ஆரம்பிக்கும். ஒன்றிரண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எனக்கு இந்த வேலைக்கு மூன்று இரவும் ஒரு பெரிய பிளாஸ்க் கோப்பியும் ஆயின.

உறைவிந்து வந்த பிறகு செத்துப்போன கடுவனும் தகப்பனாகலாம், கடல் தாண்டியும் ஆகலாம். அதனால் ஒரே பெயர் நாட்டில் பாதிப் பெட்டைகளின் தாளில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அடுத்த படி அதைப் பற்றியதுதான்.

6. சொந்தத்துக்குள் சேர்ப்பது: கணக்கு

நம் ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டினால் பிள்ளைக்கு உட்கலப்பு, அதாவது இரு பக்கமும் ஒரே இரத்தம் வந்து சேரும் அளவு, 12.5 விழுக்காடு. மாமன் மகளைக் கட்டினால் 6.25. நாய்த் தாளிலும் இதே கணக்குத்தான். அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் 1922-இல் தந்த சூத்திரம் இது.

இரு பக்கமும் வரும் ஒரே மூதாதையைத் தேடுங்கள். தகப்பன் பக்கம் மூன்றாம் தலைமுறையிலும் தாய் பக்கம் நான்காம் தலைமுறையிலும் இருந்தால் 3×4 என்று எழுதுவார்கள். இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழியுங்கள்: 6. ஒன்றை ஆறு முறை பாதியாக்கினால் 1/64, அதாவது 1.56 விழுக்காடு. 3×3 என்றால் 3.125. 2×3 என்றால் 6.25. 2×2 என்றால் 12.5. பொது மூதாதைகள் பல இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டுக் கூட்டுங்கள். அந்த மூதாதையே சொந்தத்துக்குள் பிறந்தது என்றால் விடை இன்னும் கொஞ்சம் ஏறும்.

இதில் இரண்டு இடத்தில் எல்லாரும் விழுவார்கள், நானும் விழுந்தேன். பொதுக் கடுவன் இரண்டு பக்கமும் இருந்தால் அவனுடைய தகப்பனும் தாயும் இரண்டு பக்கமும் தெரிவார்கள். அவர்களைத் திரும்ப எண்ணக் கூடாது, வேறு பிள்ளை வழியாகவும் வந்தால் ஒழிய. இது ஒன்று. இன்னொன்று இதற்கு எதிர். ஒரு பக்கம் அண்ணன், மறு பக்கம் கூடப்பிறந்த தம்பி. பெயர் வேறு வேறாக இருப்பதால் கண்ணில் படாது. இருவரும் மூன்றாம் தலைமுறையில் இருந்தால் பெற்றோர் இருவரும் 4×4-இல் வருகிறார்கள். தலா 0.78, மொத்தம் 1.56.

எத்தனை வரை போகலாம்? ஐந்து தலைமுறைக் கணக்கில் 3 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது என் வழக்கம்; 6.25-ஐத் தொட்டால் தாளை மடித்துவிடுவேன். இது என் முடிவு, சட்டம் இல்லை. ஒரு பெரிய நாயின் இரத்தத்தை வேண்டுமென்றே குவிக்கும் லைன் பிரீடிங்கில் ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நல்லதைக் குவிக்கும்போது ஒளிந்திருந்த கெட்டதும் கூடவே குவிகிறது: சிறிய ஈத்து, பலவீனமான குட்டி, பிறவி நோய். ஐந்து தலைமுறையில் சுத்தமாகத் தெரியும் தாள் பத்துத் தலைமுறையில் அப்படி இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். தரவுத்தளத்தில் சோதனை இணை என்ற வசதி இருக்கிறது. இரண்டு பெயரையும் கொடுத்தால் பிறக்காத குட்டியின் தாளைக் காட்டிவிடும். அதில் ஆழமான தலைமுறைக் கணக்கைப் பாருங்கள்.

நம் செம்பனை இதற்கு நல்ல பாடம். 1848-இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நட்ட நான்கே நான்கு மரங்களின் வழியில் வந்ததுதான் டெலி டூரா. தென்கிழக்காசியத் தோட்டங்களின் தாய் மரங்கள் பெரும்பாலும் அந்த நாலின் பேரப்பிள்ளைகள். அதனால்தான் பிசிபெராவை ஆப்பிரிக்க வழியில் இருந்து சேர்க்கிறார்கள். ஒரு பக்கம் நெருங்கினால் மறு பக்கம் தூரத்தில் இருந்து வர வேண்டும்.

7. பொருத்தம்

இப்போது பெட்டையின் குறைப்பட்டியலுக்கு வாருங்கள். மந்தமான புறப்பாட்டுக்கு, முதல் பகுதி நேரத்தில் தானும் தன் உடன்பிறப்புகளும் வேகமாக இருந்த கடுவன் வேண்டும். வேகம் அந்த ஒரு நாயோடு நின்றுவிட்டதா, ஈத்து முழுக்க இருந்ததா என்று மூன்றாம் படித் தாளில் பாருங்கள். மந்தமும் வேகமும் சேர்ந்தால் எல்லாக் குட்டியும் நடுத்தரமாக வரும் என்று நினைக்க வேண்டாம். சில தாயைப் போல, சில தகப்பனைப் போல, ஒன்றிரண்டு இரண்டின் நல்லதையும் எடுத்து வரும், ஒன்றிரண்டு இரண்டின் கெட்டதையும்.

எடையில் பெரிய தாவல் வேண்டாம். 27 கிலோ பெட்டைக்கு 36 கிலோ கடுவன் என்றால் நான் தயங்குவேன். எலும்பு முறிவு இரண்டு பக்கமும் இருந்தால் நிறுத்திவிடுங்கள். வளைவில் இடப்பக்கமாகத் திரும்பி ஓடும் நாய்க்கு வலது பின்னங்கால் கணுவில் அதிகப் பளு விழும், அங்கே முறிவது வழக்கமான காயம். ஒரு நாய்க்கு முறிந்தால் விபத்து. தகப்பன், சித்தப்பன், அத்தை மூவருக்கும் அதே இடத்தில் முறிந்தது என்றால் வேறு கதை. சண்டைக்குப் போய்த் தடை வாங்கிய நாய்கள் வரிசையாக வந்தாலும் அப்படியே.

8. மருத்துவர், விதி, வீடு

கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லா கிருமிக்கான பரிசோதனை இரண்டு பக்கமும். பருவத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அளவு பார்த்து நாள் குறிக்க வேண்டும், உறைவிந்து என்றால் கட்டாயம். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஒரு பெட்டை எத்தனை ஈத்து ஈனலாம், எந்த வயது வரை என்பதற்கு ஆஸ்திரேலியாவில் வரம்பு இருக்கிறது. இணைக்கு முன் அந்த மாநில அமைப்பிடம் கேட்டுவிடுங்கள்.

ஆறு முதல் எட்டுக் குட்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தயத்துக்கு ஆகாத நாலுக்கு வீடு எங்கே? இதையும் இணைக்கு முன்பே எழுத வேண்டும், பெயர் பெயராக. திடல்கள் குறைந்துகொண்டு வருகின்றன. ஃபுளோரிடாவில் 2018-இல் மக்கள் வாக்களித்து நிறுத்தினார்கள். அதே ஆண்டு மக்காவ் திடல் மூடியது. நியூசிலாந்து 2024 டிசம்பரில் நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஓடி முடித்த கிரேஹவுண்ட் சோபாவில் படுத்துத் தூங்கும் சாது, வீட்டு நாயாக நன்றாகவே பழகும். ஆனால் வீடு தானாக வராது. நாலு பெயர் எழுத முடியவில்லை என்றால் அந்தப் பருவத்தை விட்டுவிடச் சொல்வேன். ஒரு தடவை சொன்னேன். அக்காள் மகன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

9. முன்கூட்டியே எழுதி மூடி வைப்பது

மூன்று கடுவன்களைப் பொறுக்கி, மூன்றுக்கும் சோதனைத் தாள் போட்டு, உட்கலப்பு, உடன்பிறப்புக் கணக்கு, முதல் பகுதி வேகம், காயம் இவற்றை அருகருகே வையுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தேதி போட்டு உறையில் வைத்து ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் குட்டி ஜெயித்த பிறகு "நான் அன்றைக்கே சொன்னேன்" என்று எல்லாரும் சொல்வார்கள், தோற்ற பிறகு யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். குட்டிகள் பிறந்தபோது எத்தனை, எடை என்ன, எட்டு வாரத்தில் எத்தனை இருந்தன, முயலைப் பார்த்து எது முதலில் பாய்ந்தது என்று தொடர்ந்து குறியுங்கள். ஓடாதவற்றையும் விடாமல்.

என் உறைகள் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. முதல் இணைக்கு உறை இல்லை. இரண்டாவதைப் போன வருடம் பிரித்தேன். "புறப்பாடு வேகமாகும், எடை கூடாது" என்று எழுதியிருந்தேன். ஐந்து குட்டியில் மூன்று கூண்டைவிட்டு அம்பு மாதிரி வந்தன. எடை மட்டும் எல்லாவற்றுக்கும் கூடிப்போயிற்று. கடுவனுடைய தாயின் எடையைக் கட்டத்தில் நான் எழுதாமல் விட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது உறை ஒட்டியபடி கிடக்கிறது. அந்தக் குட்டிகளுக்கு இப்போது பதினொரு மாதம்.